திரும்பிப் பார்க்கும் யானைக்கன்று

மாரிச்செல்வியின் யானைக்கன்றைப் பார்க்காமல் அந்த நாட்களில் யாரும் ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வந்திருக்க முடியாது. பத்திரிகையின் வலது மூலையில் அது நிற்கும். வண்ணம் கிடையாது, நிழல் கிடையாது, சந்தன நிறத் தரையில் வெறும் கறுப்புக் கோடுகள். உடம்பு முன்னால் நடக்கப் பார்க்கும், தலை மட்டும் திரும்பிப் பின்னால் பார்க்கும். பெண்ணைப் பெற்றவர்கள், மகள் பிறந்த வீட்டைத் திரும்பிப் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை வீட்டார், பந்தி போட்டாச்சா என்று பார்க்கிறது என்பார்கள். எப்படியோ, அந்தக் கன்று இல்லாத பத்திரிகை அரைகுறைப் பத்திரிகை என்று ஆகிவிட்டிருந்தது.

பத்திரிகை என்றால் தாளில் அடித்தது இல்லை. அந்த வழக்கம் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. சிவகாசியில் அச்சு இயந்திரங்கள் ஓடிய கட்டடங்களில் இப்போது டெம்ப்ளேட் செய்கிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு டெம்ப்ளேட்டை வாங்கினால் பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், மண்டபம், கோபித்துக்கொள்ளாதபடி அடுக்கவேண்டிய தாய்மாமன்மார் வரிசை எல்லாவற்றையும் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். படம் மட்டும் வரைந்தவருக்குச் சொந்தம். அவர் தன் வரைபலகையில் ஒரு திருத்தம் செய்தால், வாங்கியவர்கள் வீட்டுத் திரைகளிலெல்லாம் அந்தத் திருத்தம் தானே போய்ச் சேர்ந்துவிடும். மாரிச்செல்வி ஒருமுறை கன்றின் பின்னங்கால் நகத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினாள். ஊரெங்கும் சுவர்களில் நின்ற கன்றுகள் அத்தனையும் அன்று நகம் வெட்டிக்கொண்டன.

பெயர் பரவியதும் திருட்டும் தொடங்கியது. பத்திரிகையிலிருந்து கன்றை மட்டும் தனியே கத்தரித்து எடுத்து, கண்ட இடத்திலெல்லாம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஒரு பிரியாணிக் கடைக்காரர் அதற்குத் தொப்பி மாட்டி, தும்பிக்கையில் தட்டைக் கொடுத்தார். கால் ஆணிக் களிம்பு விற்றவர் பாதத்தில் கட்டுப் போட்டார். வட்டச் செயலாளர் ஒருவர் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து, வாக்காளப் பெருமக்களைக் கும்பிட்டார். இதற்கெல்லாம் மாரிச்செல்வி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கடைசியில் குழந்தையில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி, 'உங்கள் வீட்டிலும் ஒரு கன்று' என்று விளம்பரம் போட்டது. அன்று அவள் சிரிக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. அவள் கணவன் அழகர்ராஜா எழுந்துபோய்த் திரையை அணைத்தான்.

அதற்குப் பிறகுதான் தங்கேஸ்வரன் வந்தான். அதே தெருக்காரன், பெரிய படிப்புப் படித்துவிட்டுத் திரும்பி வந்து 'சுவடு' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்திருந்தான்.

"படத்துக்குப் பூட்டுப் போட முடியாதுக்கா. போட்டா எவனாவது உடைச்சிருவான். நான் உங்க கைக்குப் பூட்டுப் போடுறேன்" என்றான்.

அவன் சொன்னதை மாரிச்செல்வி இப்படிப் புரிந்துகொண்டாள். ஆளுக்கு ஆள் நடை வேறாக இருப்பதுபோல, கைக்குக் கை கோடும் வேறு. எங்கே அழுத்துகிறது, எங்கே வளைகிறது, எங்கே தயங்குகிறது என்பதெல்லாம் அவரவர்க்கே உரியது. அவள் வரையும்போது பலகை அத்தனை கோடுகளையும், வரைந்த நேரத்தோடு, படத்துக்குள்ளேயே ஒளித்து வைக்கும். டெம்ப்ளேட்டை விட்டு யாராவது படத்தை வெளியே இழுத்தால் திரை அவள் கையை அடையாளம் கண்டுகொள்ளும். உடனே கோடுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும், கடைசியாக வந்தது முதலில்.

"அழிஞ்சு போயிரும்னு சொல்லு" என்றாள்.

"அழியாதுக்கா. வந்த வழியே திரும்பிப் போயிரும்."

தொட்டால் சுருங்கும் செடியை வைத்து ஜனங்கள் அதற்குச் சுருங்கி என்று பெயர் வைத்தார்கள். சர்க்கார் அதைச் சட்டமாக்கியது. எல்லாத் திரையும் சுருங்கிக்குக் கட்டுப்பட வேண்டும், சுருங்குவதை எந்தக் கேமராவும் பதிவு செய்யக்கூடாது. பிரியாணிக் கடையில் தொப்பி மட்டும் தனியாகத் தொங்கியது. வட்டச் செயலாளர் அந்தரத்தில் உட்கார்ந்து கும்பிட்டார். ஊரே வேடிக்கை பார்த்தது. பார்க்காதவள் மாரிச்செல்வி ஒருத்திதான். தன் கைக்கு எதிராகச் சுருங்கி வேலை செய்யாது என்பதால் அவள் இழுத்து எடுத்த கன்று ஒருநாளும் கலைந்ததில்லை. அவளுக்கு அதைப் பார்க்கவேண்டும் என்றும் தோன்றியதில்லை.

ஒரு புதன்கிழமை தங்கேஸ்வரன் பெரிய மீனைப் பிடித்தவன் முகத்தோடு வந்தான். பாவூர்சத்திரத்தில் ஒரு வீடு. அங்கிருந்து ஒரே ஆள் கன்றை ஆயிரத்துச் சொச்சம் தடவை உருவியிருக்கிறார். அதோடு நிற்கவில்லை. இப்போது அந்த ஊரில் சில வீட்டுத் திரைகளில் அந்த ஆளே விரலால் கன்று வரைகிறார். சுருங்கி அவற்றையும் கலைத்துவிட்டது. கோட்டுக்குக் கோடு பொருந்துகிறது, இது மாரிச்செல்வியின் கைதான் என்று அது சாதிக்கிறது.

"ஆளு பேரு அன்னபுஷ்பம். படத்தத் திருடலக்கா, கையையே திருடியிருக்கு. நீங்க ஒரு பெருவிரல் வச்சா கைத்தடை விழுந்துரும்."

கைத்தடை என்றால் சாதாரணம் இல்லை. விரலை வைத்தால்தான் பஸ்ஸின் கதவு திறக்கும், ரேஷன் கடையில் அரிசி விழும், ஆஸ்பத்திரியில் சீட்டு வரும் என்று ஆகிவிட்ட காலம் அது. தடை விழுந்த கையை நாட்டில் எந்தத் திரையும் ஏற்காது. உயிரோடு இருக்கிற மனுஷி, எந்த வாசலிலும் இல்லாதவள் ஆகிவிடுவாள். அதனால் சட்டம் ஒரே ஒரு இரக்கம் காட்டியிருந்தது. உரிமைக்காரர் நேரில் போய்ப் பார்த்து, அங்கேயே விரல் வைத்துப் பதில் சொல்லவேண்டும். கேள்வியும் ஒன்றுதான். இது உன் கையா, உன் கையைத் திருடிய கையா?

தங்கேஸ்வரன் கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கோபம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. எடுத்த மாத்திரத்தில் கையிலேயே கலைந்துபோகிற பொருளை ஆயிரம் தடவை எடுக்கிற ஆள் என்ன திருடன்? சங்கரன்கோவில் வழியாகப் பஸ்ஸில் போகும்போது அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்னபுஷ்பம் வீட்டு வாசலில் ஒரு சாக்குச் சின்ன வெங்காயத்தைக் கொட்டி உரித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது தாண்டியவள், கனத்த உடம்பு, அகலமான உள்ளங்கை. மாரிச்செல்வி தன் பெயரைச் சொன்னதும் எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்து, அவள் முகத்தைப் பார்க்காமல் வலது கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். சண்டைக்கு என்று தயாரித்துக்கொண்டு வந்த சொற்கள் மாரிச்செல்விக்கு அந்த இடத்தில் உதவவில்லை.

"இந்தக் கைதானாம்மா அது" என்றாள் அன்னபுஷ்பம். "உள்ள வாங்க. என்னைய என்ன செய்யணுமோ செய்யுங்க. அதுக்கு முன்ன ஒரு வாய் காப்பி குடிங்க."

காப்பி ஆறும்வரை அவள் தன் கதையைச் சொன்னாள். பிறந்த பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது அவள் வேலை. பிள்ளை பிறந்த வீடுகளுக்குக் காலையில் போவாள், நீட்டிய கால்களில் பிள்ளையைப் போட்டு எண்ணெய் தேய்த்து வெந்நீர் விடுவாள், சாம்பிராணி காட்டிப் பவுடர் போட்டு, கடைசியில் கன்னத்தில் மை வைத்துத் தாயிடம் கொடுப்பாள். போன வருஷம் ஒரு வீட்டில், தொட்டில் போடும் விசேஷத்துக்குச் சுவரில் ஒரு படம் வேண்டும் என்று கேட்டார்கள். அவளும் விவரம் தெரியாமல், அந்த வீட்டு மருமகளின் கல்யாணப் பத்திரிகையில் நின்ற கன்றை இழுத்து வெளியே விட்டாள். அது கலைய ஆரம்பித்தது.

"மத்தவங்கள்லாம் ஐயையோ போச்சேன்னாங்க. எனக்கு மட்டும் கண்ண எடுக்க முடியலம்மா. ஒரு படம் எப்படிப் பொறக்குதுன்னு யாரு பாத்திருக்கா? நான் அத மனசுக்குள்ள திருப்பிப் போட்டுப் பாக்கேன். யாரோ ஒரு மனுஷி உக்காந்து, யோசிச்சு, கைய எடுத்து, மறுபடி வச்சு... அவ்வளவும் தெரியுது. அன்னைக்கு ஆண்டவரே, ஆண்டவரேன்னுதான் வாயில வந்துச்சு."

அதன் பிறகு அவளால் விட முடியவில்லை. வீட்டு வேலை முடிந்ததும் கன்றை வெளியே இழுப்பாள், அது கலைவதைப் பார்ப்பாள். கொஞ்ச நாளில் பார்ப்பது மட்டும் போதவில்லை. பழைய காலண்டர் தாள்கள் ஒரு கட்டு வீட்டில் கிடந்தன. மடியில் தாளை வைத்துக்கொண்டு, திரையில் ஒரு கோடு மறைய மறைய, அதே கோட்டைத் தாளின் பின்பக்கத்தில் பிடித்து வைத்தாள். முதலில் எல்லாம் கோணல்மாணலாக வந்தது. பிறகு கை பழகிவிட்டது. தாளைச் சுருங்கியால் ஒன்றும் செய்ய முடியாது அல்லவா? குளிப்பாட்டிய ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கன்று வரைந்து கொடுக்கத் தொடங்கினாள்.

வினை திரையில்தான் வந்தது. ஒரு வீட்டில், தாள் எதற்கு, சுவர்த் திரையிலேயே வரைந்துவிடுங்கள் என்றார்கள். வரைந்தாள். முடித்துவிட்டுக் கையை எடுத்ததும் கன்று கலைய ஆரம்பித்தது. அதிலும் முதலில் போனது கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு. பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில், கண்ணெதிரே, திருஷ்டிப் பொட்டு தானாக அழிகிறது. அந்த வீட்டு மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடிவிட்டாள். இன்னும் இரண்டு வீட்டில் இதே கூத்து நடந்ததும் அன்னபுஷ்பத்தைக் குளிப்பாட்டக் கூப்பிடுவது நின்றது. கைராசி கெட்டவள் என்று பேச்சாகிவிட்டது. அதற்குமேல் 'சுவடு' கம்பெனியின் தாக்கீது வந்தது. வெங்காயம் உரிப்பது அதனால்தான்.

"திருஷ்டிப் பொட்டா?" என்றாள் மாரிச்செல்வி. "என் கன்னுக்கு ஏதுக்கா பொட்டு?"

"இருக்கேம்மா. நீங்கதான வச்சிய?"

அன்னபுஷ்பம் சுவர்த் திரையில் ஒரு பத்திரிகையைத் திறந்தாள். யார் வீட்டுக் கல்யாணமோ. கன்றின்மேல் விரலை வைத்து, பூவைக் காம்போடு எடுப்பதுபோல் மெதுவாக வெளியே இழுத்தாள். இழுத்துவிட்டு, பாருங்க என்று தள்ளி உட்கார்ந்தாள்.

முதலில் பின்னங்கால் நகம் பெரிதாயிற்று. மாரிச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வாலின் நுனியில் ஒரு மயிர் கிளம்பியது. முடிந்த இடத்திலிருந்து தொடங்கிய இடத்துக்குச் சாவகாசமாக நடந்துபோய் மறைந்தது. அடுத்தது. அடுத்தது. அது தன் கை என்று மூளைக்கு எட்டுவதற்கு முன்னாலேயே அவள் விரல்கள் மடியில் அசையத் தொடங்கின. கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வீடு திரும்பிக்கொண்டிருந்தன. காது மடலில் ஒரு கோடு பாதி வழியில் நின்றது, தயங்கியது, பிறகு போயிற்று. ஆமாம், அங்கே தயங்கினேன் என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. ஜன்னலை அடைக்க எழுந்திருக்கலாமா என்று நினைத்தது ஞாபகம் வந்தது. அன்று மழை பெய்ததுகூட ஞாபகம் வந்தது.

தன் கையை அவள் ஒருநாளும் வெளியிலிருந்து பார்த்ததில்லை. யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். வரைகிறவள் கோட்டைத்தான் பார்ப்பாள், வாங்குகிறவன் படத்தைத்தான் பார்ப்பான். நடுவில் இப்படி ஒரு பிரம்மாண்டமான காரியம் நடந்திருக்கிறது, அது நமக்குள் நடந்திருக்கிறது என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை. களிம்புக்காரனும் பிரியாணிக்காரனும் இதைப் பார்த்துவிட்டுத் தொப்பியைப் பற்றிக் கவலைப்பட்டார்களே என்று ஆச்சரியமாக இருந்தது.

பின்னால் பார்க்கும் கண் போயிற்று. பின்னால் வளைந்த தும்பிக்கை போயிற்று. தலை முழுதும் போனதும், அது இருந்த இடத்தில் பூசியிருந்த சந்தன வண்ணம் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. அந்தப் பூச்சுக்கு அடியில் இன்னொரு தலை இருந்தது.

அந்தத் தலை முன்னால் பார்த்தது. தும்பிக்கையைக் கொஞ்சம் தூக்கி, ஏதோ வாசனை பிடித்துக்கொண்டு, எதிரே வரப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அங்கே எல்லாம் நின்றுவிட்டது. ஒரு கோடுகூட அசையவில்லை. வெளியே மார்க்கெட்டுக்குப் போகும் லாரி ஒன்று கடந்துபோனது. கன்று அப்படியே நின்றது.

"இந்த எடத்துல எப்பவும் ஒரு பானைச் சோறு வடிக்கிற நேரம் நிக்கும்" என்றாள் அன்னபுஷ்பம் மெதுவாக. "ஆயிரம் தடவ பாத்தாச்சு. உங்களக் கண்டா இத ஒண்ணுதான் கேக்கணும்னு இருந்தேன். இங்கன ஏம்மா நின்னிய?"

மாரிச்செல்வி அந்தத் தலையையே பார்த்தாள். இதைக் கேட்க உலகத்தில் ஒருவருக்கும் வழி கிடையாது என்றுதான் நினைத்திருந்தாள். பூச்சுக்கு அடியில் ஒரு தலை இருப்பது அழகர்ராஜாவுக்கே தெரியாது.

"தொட்டில்ல ஒட்டுறதுக்குன்னுதான் வரைய ஆரம்பிச்சேன். எனக்கு அஞ்சு மாசம் அப்ப" என்றாள். "பாதியில வலி வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாலஞ்சு நாள் கழிச்சு வீட்டுக்கு வரும்போது வயித்துல ஒண்ணும் இல்ல. பலகை நான் விட்ட எடத்துலயே திறந்து கிடந்துச்சு. இது சந்தோஷமா முன்னால பாத்துக்கிட்டு நின்னுச்சு. அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன், என்னால தாங்க முடியல. பூசி மறைச்சுட்டுத் தலையத் திருப்பிவிட்டேன்."

பதினோரு வருஷம். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை இல்லை. ஊரெல்லாம் பிறந்த வீட்டைப் பார்க்கிறது, பந்தியைப் பார்க்கிறது என்று சொன்ன கன்று, வராமல் போன ஒன்றைத்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்னபுஷ்பம் நெருங்கி உட்கார்ந்தாள். "நிறைய வீடு பாத்திருக்கேன்மா. அப்படி நிக்கிற எடம் எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள். வெங்காயக் காரம் ஏறிய தன் கையை இவள் முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள்.

திரையில் மறுபடி அசைவு தெரிந்தது. முன்னால் பார்த்த தலை போயிற்று, முதுகு போயிற்று, கால்கள் போயின. எல்லாம் போன பிறகு, தரையின் நடுவில், கன்னம் இருந்த இடத்தில், எள்ளளவு ஒரு சுழிப்பு மட்டும் நின்றது.

"இந்தா, திருஷ்டிப் பொட்டு" என்றாள் அன்னபுஷ்பம்.

மாரிச்செல்விக்கு அழுகைக்கு நடுவே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா, அது பிள்ளையார் சுழி. எத வரைஞ்சாலும் மொதல்ல அதப் போட்டுட்டுத்தான் ஆரம்பிப்பேன். அப்புறம் பூச்சுல அது மறைஞ்சு போயிரும்."

அன்னபுஷ்பம் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "நான் வேதக்காரி, ஏசுவக் கும்பிடுறவ, எனக்கு என்னம்மா தெரியும்? பிள்ளைக்கு எல்லாம் முடிச்ச பொறவு கடைசியில மை வைக்கதில்லையா, அப்படின்னு நெனச்சேன். நானும் கடைசியிலதான் வச்சேன்."

கடைசியில் என்ற சொல் மாரிச்செல்வியின் காதில் தங்கியது. மறைகிற வரிசையில் இவள் கோடுகளைப் பிடித்திருக்கிறாள். அப்படியானால் தான் முடித்த இடத்தில் இவள் தொடங்கியிருக்க வேண்டும், தான் தொடங்கிய இடத்தில் முடித்திருக்க வேண்டும். அப்படி வரைந்தால் என்ன வரும்?

"நீங்க வரைஞ்சது ஒண்ணு காட்டுங்க" என்றாள்.

அன்னபுஷ்பம் பெட்டியிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்துத் திருப்பினாள். அதே கோடுகள். அதே அழுத்தம், அதே தயக்கம். சுருங்கி ஏமாந்ததில் வியப்பில்லை. ஆனால் மாரிச்செல்வி பின்னால் பார்க்கும் தலையை வரைந்து முடித்த இடத்தில் இவள் ஆரம்பித்திருந்தாள். அந்தத் தலையை வரைந்து, அதன்மேல் சந்தனம் குழைத்துப் பூசி, அங்கே ஒரு பானைச் சோறு வடிக்கிற நேரம் காத்திருந்து, அதற்கப்புறம் அந்தப் பூச்சின்மேல் மற்றத் தலையை வரைந்திருந்தாள்.

தாளில் நின்ற கன்று முன்னால் பார்த்தது. கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டு இருந்தது.

ஒரு கோடு கூடவில்லை, ஒரு கோடு குறையவில்லை. தன் துக்கத்தின் அத்தனை கோடுகளையும் வைத்துக்கொண்டு இந்த மனுஷி கன்றைத் திருப்பிவிட்டாள். அவளுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஊர்ப் பிள்ளைகளின் தொட்டில்களில் எல்லாம் இது முன்னால் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மாரிச்செல்வி தாளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். கோயிலில் நடை திறக்கும்போது பேச்சு நின்றுபோகுமே, அந்த மாதிரி அவளுக்கு மனசு நின்றுபோயிருந்தது.

பிறகு தங்கேஸ்வரனைக் கூப்பிட்டாள். இது திருட்டும் இல்லை, என் படமும் இல்லை, மூன்றாவதாக ஒரு பதில் வேண்டும் என்றாள்.

"மூணாவது பதிலுக்கு எடமே இல்லக்கா" என்றான் அவன். "சுருங்கி கோட்டத்தான் பாக்கும். எந்த வரிசையில வந்துச்சுன்னு பாக்காது. திருட்டுக் கைன்னா தடை. உங்க கைன்னா, அவங்க கையும் உங்க கையும் ஒண்ணு. அவங்க என்ன வரைஞ்சாலும் நீங்க வரைஞ்சதா ஆயிரும். உங்க படத்துல அவங்க கைவச்சாலும் கேக்க முடியாது. ஒருதடவ சொல்லிட்டா மாத்தவும் முடியாது. யோசிச்சுக்கோங்க."

அவள் யோசிக்கத்தான் செய்தாள். பயமாகவும் இருந்தது. பிரியாணிக் கடைக்காரனிடமிருந்து மீட்ட கன்றை, இன்று காலைவரை முகம் தெரியாதிருந்த ஒருத்தியிடம் வாழ்நாளுக்கும் ஒப்படைப்பது சின்ன விஷயமா? தன் பெயரில் நாளைக்கு அவள் என்ன வேண்டுமானாலும் வரைவாள். இந்தக் கையை வைத்துத்தான் மாரிச்செல்வி வீட்டில் உலை கொதித்தது. எதிரே வாசலில் அன்னபுஷ்பம், விட்ட இடத்திலிருந்து வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள். தீர்ப்புக்குக் காத்திருக்கும்போதும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை.

மாரிச்செல்வி சுவர்த் திரைக்குப் போய்ப் பெருவிரலை வைத்தாள். "என் கை" என்றாள்.

அன்னபுஷ்பம் நிமிர்ந்து பார்த்தாள். என்ன நடந்தது என்று விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் அவள் அழவில்லை. திரையைக் காட்டி, "இதுல ஒண்ணு வரையட்டுமா? போவாதே?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் வாலிலிருந்து தொடங்கி வரைந்தாள். மாரிச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து, தன் கை அந்நியமான ஒரு தோளிலிருந்து நீண்டு, முடிவிலிருந்து தொடக்கத்துக்கு நடந்துபோவதைப் பார்த்தாள். நிற்கவேண்டிய இடத்தில் அன்னபுஷ்பம் கையைத் தாழ்த்தி நின்றாள். பிறகு முன்னால் பார்க்கும் தலை வந்தது, கடைசியில் பொட்டு வந்தது. விரலை எடுத்தாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கன்று போகவில்லை.

சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடித்து வைத்து, வெங்காயச் சாம்பார் ஊற்றி அனுப்பினாள். மாரிச்செல்வி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பஸ் ஸ்டாண்டுச் சுவர் முழுக்க வழக்கம்போல் கல்யாணப் பத்திரிகைகள். அவள் பார்வை பழக்கத்தில் வலது மூலைக்குப் போயிற்று.

கன்று முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்துப் பத்திரிகையிலும் அப்படித்தான். அதற்கடுத்ததில் தலை அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தது. பழக்கடைத் திரையில், எதிரே மாடிவீட்டுச் சுவரில், நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் பக்கவாட்டில், பதினோரு வருஷமாகப் பின்னால் பார்த்த கன்றுகள் ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தன. கூட்டத்தில் யாரோ அடேயப்பா என்றார்கள். பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் பஸ்ஸை மறந்து நின்றார்கள்.

போன் அடித்தது. தங்கேஸ்வரனுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, எல்லாம் திரும்பிருச்சு. மெட்ராஸ்ல, துபாய்ல, எல்லா எடத்துலயும். அந்தம்மா வரைஞ்சத, உங்க கை செஞ்ச திருத்தம்னு சுருங்கி எடுத்துக்கிருச்சு. நகத்துக்குப் போச்சே, அதே மாதிரி. அவங்க கைதான் உங்க கைன்னு ஆகிப்போச்சு, அதுல நான் ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா படத்துல பழைய திருத்தம் எங்கிட்ட இருக்கு. திருப்பி வச்சிரட்டுமா?"

"வேண்டாம்" என்றாள்.

"நிசமாவா?" என்றான். "கன்னத்துல வேற ஏதோ கறுப்பா இருக்குக்கா. அழுக்கு மாதிரி. அதயாவது எடுத்துரவா?"

"அதத் தொடாத தம்பி" என்றாள் மாரிச்செல்வி. "பிள்ளைக்குக் கண்ணு பட்டுரும்."

சங்கரன்கோவில் பஸ் வந்தது. விரலை வைத்தாள், கதவு திறந்தது.